அடுப்புவரை வந்தவர்

புரபசருக்கு நான் சமையல்காரன். காலேஜ் நடக்கும் மாதங்களில் பட்டணத்தில் சமைப்பேன். லீவு விட்டால் அவரோடு ஊர் ஊராகப் போவேன். ஒரு சீமை எப்படிப் பிழைக்கிறது, ஒரு டவுன் எதனால் பெருகுகிறது, இதுதான் அவர் படிப்பு. அதிலேயே பேர் வாங்கினார். நான் படித்தது மூணாங்கிளாஸ். அவர் படிப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கண்டதைச் சொல்கிறேன்.

யார் வீட்டுக்குப் போனாலும் செருப்போடு நேரே அடுப்புக்குப் போவார். கைத்தடி நுனியால் பானை மூடியைத் தூக்கிப் பார்ப்பார். "கேட்டால் ஏதாவது சொல்வார்கள். என்ன தின்கிறார்கள் என்று நானே பார்த்துக்கொள்கிறேன்" என்பார். ரோட்டிலும் சந்தைச் சேற்றிலும் ஊன்றி வந்த அதே தடி. சாயங்காலம் அதைத் துடைத்து வைப்பது என் வேலை.

ஒரு வருஷம் கொல்லிமலையில் சாமை கருகிப்போனது. நிலத்தீர்வை கட்ட வழியில்லை. தள்ளுபடி கேட்டு அந்த மலையில் ஒரு பிரிவான ஆலத்தூர் நாட்டு ஜனங்கள் மனுப் போட்டார்கள். போய்ப் பார்த்து எழுதச் சொல்லி சர்க்கார் இவரை அனுப்பியது. அது என் ஊர். தங்கச்சியைக் கட்டிக் கொடுத்ததும் அங்கேதான். தள்ளுபடி இல்லையென்றால் அவள் ஏர்மாடு ஜப்தியில் போய்விடும்.

புளியஞ்சோலை வழியாக ஏறினோம். சேதி எங்களுக்கு முன்னாலேயே ஏறிவிட்டது.

முதல் வீட்டில் தடி மூடியைத் தூக்கியது. வெள்ளைச் சோறு. அடுத்த வீட்டிலும் சோறு. அதற்கடுத்தது தங்கச்சி வீடு. அங்கேயும் சோறு. எங்கள் மலையில் நெல்லுச் சோறு நோம்பி, பண்டிகைக்குத்தான். பானையைப் பார்த்தேன். வாயில் பிறை மாதிரி உடைசல். முதல் வீட்டு அடுப்பில் இருந்ததும் இதே பானைதான். நாங்கள் வாசலில் பேசிக்கொண்டிருக்கும்போது அது பின்பக்கமாக அடுத்த வீட்டுக்கு ஓடியிருக்கிறது.

தங்கச்சியைத் தனியே கூப்பிட்டேன். "என்ன புள்ள இது?"

"ஊர்க்கவுண்டர் சொல்லிப்போட்டாருங்கண்ணா. பெரிய மனுசன் வாராரு, கஞ்சியக் காட்டுனா மலைக்கே அசிங்கம்னு. எல்லா ஊட்டு நெல்லையும் சேத்தும் ஒரு பானைதானுங்க ஆச்சு. அதுவும் எம்பட பானை."

"மாடு போயிரும், தெரியுமா?"

"தெரியாமயா? நீங்களே அவருகிட்டச் சொல்லுங்க."

சொன்னேன். புரபசர் ஊர்க்கவுண்டரைப் பார்த்தார். "இவன் சொல்வது நிஜமா?"

ஊர்க்கவுண்டர் மீசையைத் தடவினார். "ஏனுங்க சாமி, ஒரு பானையத் தூக்கிக்கிட்டு ஊரெல்லாம் ஓட நாங்க என்ன பிச்சையா எடுக்கறோம்? இவன் கீழ போயி எச்சித்தட்டுக் களுவறவனுங்க. இவம்பேச்சக் கேக்கறீங்களே!"

கூட்டம் சிரித்தது. மாடு பறிபோகப் போகிறவர்களும் சிரித்தார்கள்.

"கண்ணால் பார்த்ததைத்தான் நான் எழுத முடியும்" என்றார் புரபசர்.

அவர்கள் மானத்தையும் இவர் கண்ணையும் நினைத்தால் இன்றைக்கும் காறித் துப்பத் தோன்றுகிறது.

தள்ளுபடி வரவில்லை. மாடு போனது. மாடில்லாமல் உழவில்லை. தங்கச்சி புருசனோடு சேலத்துக்கு இறங்கி மில் வேலைக்குப் போனாள். நான் புரபசருக்குச் சமைத்துக்கொண்டுதான் இருந்தேன். வேறு வேலை தெரியாது.

பிறகு அவருக்கு டவுன் ஆராய்ச்சி வந்தது. காட்டையும் மலையையும் விட்டு ஜனங்கள் ஏன் டவுனில் வந்து அடைகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். சேலத்து மில் லைன் வீடுகளுக்குப் போனோம். வாசலிலேயே சாக்கடை. எலி ஒன்று செத்து ஊறிக் கிடந்தது. அந்தச் சாக்கடையில் தடியை ஊன்றி ஊன்றி ஒவ்வொரு அடுப்பாகப் போனார். தங்கச்சி வீடும் வந்தது. அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அடுப்பில் அதே பிறை உடைசல் பானை. அதுவும் தெரியவில்லை.

தடி மூடியைத் தூக்கியது. தண்ணியாக ராகிக் கஞ்சி. தடியிலிருந்து ஒரு சொட்டு சாக்கடை அதற்குள் விழுந்தது.

"எந்த ஊரம்மா?"

"கொல்லிமலைங்க."

அவர் முகம் மலர்ந்தது. "அங்கே அரிசிச் சோறு தின்றீர்களே! நானே பார்த்திருக்கிறேன். அதை விட்டுவிட்டு இந்தக் கஞ்சிக்கு ஏனம்மா வந்தீர்கள்?"

தங்கச்சி என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நீங்க பாத்தீங்கல்லங்க? அதனாலதானுங்க வந்தோம்."

அவருக்கு விளங்கவில்லை. "டவுன் மோகம். வேறென்ன?" என்று என்னிடம் சொன்னார். அடுத்த லெக்சருக்கு நல்ல விஷயம் கிடைத்தது என்றார். தடியை என் பக்கம் நீட்டினார். "துடைத்துக்கொண்டு வா." வெளியே போய்விட்டார்.

நான் வாங்கவில்லை. தடி தரையில் கிடந்தது.

தங்கச்சி கஞ்சியைத் தூக்கிச் சாக்கடையில் ஊற்றினாள். அன்றைக்கு அவர்களுக்கு அதுதான் சாப்பாடு. பானையை மூன்று தரம் கழுவினாள். பக்கத்து வீட்டில் கொஞ்சம் மாவு கைமாத்தாக வாங்கி வந்தாள்.

"நீங்க போங்கண்ணா. அந்தாளு கூப்புடுவாரு."

"நான் காச்சறேன். தள்ளு புள்ள."

தெருவிலிருந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. விறகு ஈரம். குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன்.