தோக்குக் கோப்பில் மூன்று கேள்விகள்

மலையாள தேசத்து அரசாங்க அலுவலகம் ஒன்றில், பணம் ஒதுக்குகிற செக்‌ஷனில் இருந்துதான் நான் ரிட்டையர் ஆனேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி நான்தான். ஒரு கோப்பில் ஐந்து சந்தேகம் இருந்தால் ஐந்தையும் சேர்த்துக் கேட்கக் கூடாது; ஒன்றைக் கேட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும், பதில் வந்ததும் அடுத்ததைக் கேட்க வேண்டும் என்பது எங்களிடையே எழுதாத சட்டம். அதற்குள் நிதியாண்டு முடிந்தால் கஜானாவுக்கு லாபம். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்பாள் என்று மேலதிகாரிகளே என்னைச் சொல்வார்கள். எனக்கும் அதில் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

ஒரு நாள் போலீஸிலிருந்து ஒரு கோப்பு வந்தது. குற்றங்களில் பிடிபடுகிற கள்ளத் தோக்குகள் (துப்பாக்கியை இங்கே தோக்கு என்றுதான் சொல்வோம்) எங்கிருந்து கிளம்பின, யார் யார் கை மாறி வந்தன என்று தேடுவதற்குத் தெற்கு ஜில்லாக்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு தனிப்படை வேண்டும். அதற்கு ஆட்கள், ஒரு ஜீப், லாபுக்கு ஒரு கருவி. அநியாயமாக எதுவும் கேட்கவில்லை. இருக்கிற ஆட்களை வைத்தே ஏன் செய்யக்கூடாது என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். பதில் வந்தது. ஜீப்பை வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்று கேட்டேன். அதற்கும் பதில் வந்தது. மூன்றாவதாக, அந்தக் கருவி வேறு லாபில் இருந்தால் பகிர்ந்துகொள்ளலாமே என்று கேட்டேன். வேறெங்கும் இல்லை என்பது கோப்பின் ஒன்பதாம் பக்கத்திலேயே இருந்தது. நான் அதைப் படித்திருந்தேன். இருந்தாலும் கேட்டேன்.

கோப்பைத் தயாரித்த அதிகாரி ஃபோன் செய்தார். தோக்கைப் பிடிக்க ஆள் இருக்கிறது, அது வந்த வழியைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை என்று மலையாளத்தில் கெஞ்சாத குறையாகச் சொன்னார். அதை எழுத்தில் தாருங்கள் என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சமையலுக்கும் பாத்திரத்துக்கும் ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். மலை மேல் போனக்காட்டில், தேயிலை எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் பிறந்து வளர்ந்தவள். இங்கே நகரத்தில் ஒற்றை அறையில் தங்கி நாலு வீட்டு வேலை பார்த்தாள். கை சுத்தம், வாய் அடக்கம். புருஷனைப் பற்றிக் கேட்டால் ஊரில் இருக்கிறார் என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வாள். ஆனால் வாரத்தில் ஒரு காலை வர மாட்டாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். கலெக்டர் உத்தியோகமா பார்க்கிறாய், வாரா வாரம் லீவு எடுக்க, என்று ஒரு தடவை குத்திக் காட்டினேன். அவள் தேங்காயைத் துருவிக்கொண்டே இருந்தாள்.

ஒரு காலையில் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய காகிதத்தோடு வந்து சமையலறையில் நின்றாள். அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் புருஷன் நாலு மாதமாக ஜெயிலில். காட்டில் யாரோ பன்றியைச் சுட்டிருக்கிறார்கள். தேடி வந்தவர்களுக்கு இவர்கள் வீட்டுப் பின்புறத்து விறகுக் குவியலில் ஒரு தோக்கு கிடைத்தது. அதோடு அவரையும் கொண்டுபோய்விட்டார்கள். பட்டாசுக்கே காதைப் பொத்துகிற மனுஷன் என்றாள். வாராவாரம் அவள் போனது ஜெயிலுக்கு, அவரைப் பார்க்க. கலெக்டர் உத்தியோகம் என்று சொன்ன என் வாயை எங்கே கொண்டு வைப்பது?

"ஜாமீன் கிட்டியாச்சு மாமி. ரெண்டு பேர் நிக்கணுமாம். ஒண்ணு கடைக்கார அண்ணன் நிக்கறாரு. இன்னொருத்தருக்கு நிலத்துக்குக் கரம் அடச்ச ரசீது, வரி கட்டின ரசீது வேணுமாம். லயத்துல கெடக்கறவங்களுக்கு ஏது மாமி நிலம்? சர்க்கார் சம்பளக்காரங்க நின்னாலும் மதியாம், அது போதுமாம்."

ஜாமீன் கிடைக்கவா நாலு மாதம் என்று கேட்டேன். என் வழக்கம், கேள்வி கேட்காமல் இருக்க முடியாது.

"ரெண்டு தடவ தள்ளிட்டாங்க. தோக்கு எங்கேந்து வந்துதுன்னு தெரியாம விடக் கூடாதுன்னாங்க. அதத் தேடறதுக்குப் புதுசா ஒரு டீம் வருதாம், அதோட பேப்பர் ஏதோ ஒரு ஆபீஸ்ல நிக்குதுன்னு வக்கீல் சொன்னார். எந்த ஆபீஸுன்னு அவருக்கும் தெரியல்ல மாமி."

எனக்குத் தெரியும். சம்பள சர்டிபிகேட் நாளைக்கே வாங்கித் தருகிறேன், நானே வந்து நிற்கிறேன் என்று மட்டும் சொன்னேன். உனக்கேன் இந்த வம்பு என்றார் வீட்டுக்காரர். பேசாமல் இருங்கள் என்றேன்.

அன்றைக்கே ஆபீஸில் அந்தக் கோப்பைத் திறந்து, ஒன்றும் கேட்காமல், ஒப்புதலுக்கு மேலே அனுப்பினேன். மாமிக்கு ஜுரமா என்று பக்கத்து சீட்டில் கேலி செய்தார்கள். இரண்டு நாளில் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டேன், அவள் புருஷன் வெளியே வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பொட்டலம் தேயிலையோடு வந்து வாசலிலேயே நின்று கும்பிட்டார். உள்ளே வாருங்கள் என்று எத்தனை சொல்லியும் வரவில்லை. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

படை அமைந்து வேலை தொடங்கச் சில மாதம் ஆயிற்று. தோக்கின் குழலில் அராவி அழித்திருந்த நம்பரை லாபில் மீட்டெடுத்தார்கள். அடிவாரத்தில் லைசன்ஸ் வைத்திருந்த ஒருவர், காணாமல் போயும் புகார் கொடுக்காமல் மூடி வைத்த தோக்கு அது. எடுத்தவனும் அகப்பட்டான்; பன்றியைச் சுட்டுவிட்டு அந்த விறகில் ஒளித்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டான். அவள் புருஷன் மேல் இருந்த கேஸ் போயிற்று.

சேதி வந்த அன்று அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, மாமி இல்லாவிட்டால் நாங்கள் இல்லை என்று பத்தாவது தடவையாகச் சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை.

"அந்தப் பேப்பர் நின்ன ஆபீஸ் என்னோடதுடி. நான்தான் நிறுத்தி வெச்சேன்" என்றேன்.

அவள் குழாயை மூடினாள். எவ்வளவு நாள் என்று கேட்டாள். கம்ப்யூட்டரில் எல்லாம் பதிவாகியிருக்கும், எனக்கு அது மனப்பாடம். மூன்று மாதமும் ஒன்பது நாளும் என்று சொன்னேன். ஏன் என்று கேட்பாள் என்று பயந்து நின்றேன். கேட்கவில்லை. மீதி இருந்த இரண்டு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அவர்ட்ட இத சொல்லிராதீங்க மாமி. வெளிய வந்ததுலேர்ந்து தெனமும் வெளக்கேத்தறப்ப உங்களையும் சேத்துத்தான் கும்பிடறார்."