எல்ஸ்டருக்கு ஊதாமல் போனது

லியாண்டர் டுப்ளெசிஸுக்கு வாய்தான் எல்லாம். பகலில் வீட்டுச் சுவர்களுக்குச் சாந்து பூசுவார். ஞாயிறு வந்தால் எங்கள் ட்ரெமே பேட்டை ஊர்வலத்தில் முன்னால் நின்று ட்ரம்பெட் ஊதுவார். ஊதாத நேரத்தில் என்னைத் திட்டுவார். அவர் பக்கத்தில் இருபத்தாறு வருஷம் சைட் டிரம் அடித்தவன் நான்.

"ஒடெல், மேளம் அடிக்கிறியா, கோழி விரட்டுறியா?" என்பார், ஆடிக்கொண்டு வரும் சனத்துக்கு நடுவில். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அந்த மனுஷன் ஊதினால் கோபமும் மறந்துபோகும். என்ன செய்ய?

டியூபா வாசித்தவன் அவர் தம்பி எல்ஸ்டர். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே வீட்டின் இரண்டு பாதிகளில் இருந்தார்கள். திங்கட்கிழமை அண்ணன் சிவப்புப் பயறு வேக வைத்தால், தம்பி தட்டோடு வந்து நிற்பான். ஊரையே மூழ்கடித்த வெள்ளம் வந்தபோது ஹூஸ்டனுக்குப் போய், இரண்டே வருஷத்தில் சேர்ந்தே திரும்பினார்கள்.

ஒரு கார்னிவல் முடிந்த மறுவாரம் எல்ஸ்டருக்கு ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, என்னை நீதான் போக விடணும். சிரில் ஊதக் கூடாது. அவன் ஊதினா நான் பாதி வழியில திரும்பி வந்துடுவேன்."

எங்கள் இரண்டாவது ட்ரம்பெட்காரன் சிரில் அங்கேயேதான் நின்றான். சிரித்தான், பாவம்.

"நான் இருக்கும்போது வேற எவன்டா ஊதுவான்?" என்றார் லியாண்டர்.

போக விடுவது சின்ன விஷயமில்லை. தேவாலயத்திலிருந்து சவ வண்டிக்கு முன்னால் அடிமேல் அடி வைத்து, துக்கப் பாட்டு வாசித்தபடி நடப்போம். சத்தம் அடங்கியிருக்க என் டிரம்மின் அடியில் அதிரும் கம்பிகளுக்குள் கைக்குட்டை செருகியிருப்பேன். முச்சந்தி வந்ததும் இரண்டு வரிசையாகப் பிரிந்து வண்டிக்கு வழி விடுவோம். வண்டி கண்ணுக்குத் தெரியும்போதே முதல் ட்ரம்பெட் கூப்பிட வேண்டும். அந்தக் கூப்பாடு கேட்டால்தான் கைக்குட்டையை உருவுவேன், குடைகள் விரியும், சனம் ஆடும். செத்தவன் அந்தக் கூப்பாட்டில்தான் விடுபட்டுப் போகிறான்.

தம்பி படுக்கையில் கிடந்தபோதே லியாண்டருக்கு முன்பல் நாலையும் பிடுங்கிப் பொய்ப்பல் கட்டியிருந்தார்கள். அது எனக்கு மட்டும் தெரியும். மேம்பாலத்துக்கு அடியில் அவர் தனியாக ஊதிப் பார்த்ததை நான் பார்த்துவிட்டேன். வெறும் காற்றுத்தான் வந்தது.

"பழகிடும்டா. எவன்கிட்டயாவது சொன்னே, உன் குச்சியை உன் தலையிலயே ஒடிப்பேன்."

நான் சொல்லவில்லை. பதினோரு நாளில் எல்ஸ்டர் போய்விட்டான்.

சனிக்கிழமை காலை எடுத்தோம். கூப்பாடு வரைக்குமான துக்கப் பாட்டுகளைச் சிரில் இழுத்துக்கொண்டு போனான். லியாண்டர் விரல்களை மட்டும் அசைத்துக்கொண்டு வந்தார், கண்ணீர் விட்டபடி. அழுகிறவரைப் பார்த்து ஏன் ஊதவில்லை என்று யார் கேட்பார்கள்?

முச்சந்தியில் பிரிந்து நின்றோம். வண்டி எங்கள் நடுவே கடந்தது. லியாண்டர் ட்ரம்பெட்டைத் தூக்கினார். காற்று வந்தது. நாக்கால் பல்லைத் தள்ளிவிட்டு மறுபடி ஊதினார். அப்போதும் காற்றுதான்.

சிரில் தன் ட்ரம்பெட்டை உதட்டுக்குக் கொண்டுபோய் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினால் ஊதியிருப்பான். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். செத்தவன் கேட்டதை மீறுவதா, இந்தக் கிழவரை ஊர் முன்னால் அவமானப்படுத்துவதா என்று நினைத்தேன். நினைத்தேனாம், பெரிய புத்திசாலி! சிரில் இறக்கிவிட்டான்.

"யாராவது ஊதுங்கடா! செத்த மனுஷன் போக முடியாம நடுத்தெருவுல நிக்கிறான்டா!" என்று கூட்டத்தில் ஒரு பெண் அலறினாள். மூன்றாவது தடவை லியாண்டரின் ட்ரம்பெட் கீச்சென்றது. அதற்குள் வண்டி திரும்பி மறைந்துவிட்டது.

எங்கள் பேட்டையில் அப்படி நடந்ததே இல்லை. விரிக்காத குடைகளோடு சனம் வீட்டுக்கு நடந்தது. கைக்குட்டை டிரம்முக்குள்ளேயே கிடந்தது.

அடுத்த திங்கட்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். பயறு வெந்துகொண்டிருந்தது. மேஜையில் இரண்டு தட்டுகள் இருந்தன. பல்லைக் கழற்றி வைத்திருந்ததால் முகமே ஒடுங்கிப்போயிருந்தது.

"ஒடெல், சிரில் தூக்கினானே, பார்த்தேன். ஏன்டா இறக்கிட்டான்?"

"தெரியலண்ணே."

"ஊதித் தொலைச்சிருக்கலாம்ல? நான் வேண்டாம்னா சொன்னேன்? தம்பி ஏதோ விளையாட்டுக்குச் சொன்னான்டா. எவன் ஊதினா என்ன, பய போய்ச் சேர்ந்திருப்பான். இப்ப எங்க நிக்கிறானோ."

அதற்குப் பிறகு அவர் ட்ரம்பெட்டைத் தொடவில்லை. சாந்து வேலையையும் விட்டுவிட்டார். திட்டுவதையும் விட்டுவிட்டார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. மூன்று வருஷமாகத் திங்கள்தோறும் போகிறேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் படியேறுகிறேன்.

போன திங்கட்கிழமையும் அப்படித்தான் வாயைத் திறந்தேன். அவர் தம்பியின் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"சாப்பிடுடா. அன்னைக்கு நீ ஒருத்தன்தான் என் பக்கம் நின்னே."

நான் சாப்பிட்டேன்.