பூசாமல் விட்ட இடம்

படகுப் பட்டறையில் அவளுக்கு உப்புத்தாள் என்று பெயர். மரம் தேய்க்கிற உப்புத்தாள் எந்நேரமும் கையில் இருந்ததால் வந்தது என்பாள் அவள். பேச்சு பட்ட இடமெல்லாம் எரிவதால் வந்தது என்பார்கள் மற்றவர்கள். இரண்டுமே உண்மைதான்.

அங்கே மேஸ்திரி அவளுடைய கூடப்பிறந்த தம்பி. வீட்டுக் கதவுகளுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவளை அவன்தான் கூட்டிவந்தான். ஒரு பாய்மரப் படகின் மூக்குப் பக்கத்து அலமாரிக்குள் எந்த ஆம்பளையின் தோளும் நுழையவில்லை. ஒடிசலான அவள் நுழைந்துவிட்டாள். "ஒரு வாரம்தான்க்கா" என்றான். அந்த ஒரு வாரம் பதினெட்டு வருடமாக நீண்டது.

தேக்கு எண்ணெய் கக்கும் மரம். உப்புத்தாள் போட்டதும் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, எண்ணெய் மறுபடி மேலே வருவதற்குள் முதல் பூச்சு வார்னிஷை இழுத்துவிட வேண்டும். அதுவும் பாதிக்குப் பாதி தின்னர் கலந்து, மரம் குடிக்கிற பதத்தில். பிறகு ஐந்து பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு தேய்ப்பு. அலமாரிக் கதவின் பின்பக்கம், இழுப்பறையின் அடிப்பாகம், எதையும் விடமாட்டாள். "அங்கெல்லாம் யாருக்கா பாக்கப்போறா?" என்று தம்பி கேட்டால், "தண்ணி பாக்கும்டா" என்பாள்.

அந்த மழைக்காலத்தில் முப்பது வயதான படகு ஒன்று விற்பனைக்காகப் பட்டறையில் ஏறியது. உள்ளே மொத்தமும் தேக்கு. பத்து நாளில் பளிச்சென்று ஆக்கித் தர வேண்டும். வாங்குகிறவர்கள் வெள்ளிக்கிழமை வருகிறார்கள்.

கூடத்துக்கும் படுக்கை அறைக்கும் நடுவில் இருந்த தடுப்பின் வலது ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புக் கறை. கறை நீக்கும் அமிலத்தைத் தடவிக் கழுவினாள். போய்விட்டது. மறுநாள் மழை பெய்தது. அதற்கு மறுநாள் கறை பழையபடி வந்து உட்கார்ந்திருந்தது, அதுவும் ஒரு விரல் கூடுதலாக.

பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பி, மேல்தளத்தைத் தாண்டி இறங்கி, அந்தத் தடுப்புக்குப் பின்னால் ஓர் இரும்புப் பட்டையில்தான் முடிகிறது. அது விட்டுப்போனால் நடுக்கடலில் பாய்மரம் சாயும்.

தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"கலர் கொஞ்சம் தூக்கலாப் போட்டு மூடிடுக்கா."

"தண்ணி உள்ள வருதுடா. பலகையக் கழட்டிப் பாரு."

"கழட்டினா ஒரு மாசம் போகும். முதலாளி என்னக் கொன்னுடுவாரு. நீ பாலிஷ்காரி. ஓட்டை பாக்கறது உன் வேலை இல்ல."

"கறை என் வேலைதானே?"

"மூடுன்னா மூடேன்! ஏன் இப்படி உயிர வாங்கற?"

"மூட மாட்டேன். வேணும்னா நீ வந்து மூடு."

அவனுக்குத் தூரிகை பிடிக்கத் தெரியாது என்பது இருவருக்கும் தெரியும்.

அன்று வீட்டில் சொன்னபோது, தையல்காரரான அவள் கணவர் மிஷினை நிறுத்திவிட்டு, "தம்பிகிட்ட சண்டை போடாம நாலு நாள் இருக்க முடியாதா உனக்கு?" என்றார்.

"மூணு நாள் இருந்தேனே" என்றாள்.

வெள்ளிக்கிழமைக்குள் வேலையை முடித்தாள். இழுப்பறை, புத்தகத் தட்டு, படிக்கட்டு எல்லாவற்றிலும் ஆறு பூச்சு, தேன் வழிகிற மாதிரி. அந்தக் கறையைச் சுற்றி மட்டும் டேப் ஒட்டி, சதுரமாக, வெறும் மரமாக விட்டிருந்தாள். படியிறங்குகிற எவர் கண்ணும் முதலில் அங்கேதான் போகும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் கணவரோடு வந்தார். படகிலேயே குடியிருக்கப் போகிறார்களாம். இறங்கியதும் அந்தச் சதுரத்தைக் கண்டார்.

"இது என்னங்க?"

"அதுவா, அது இன்னும் காயலம்மா" என்றான் தம்பி.

"காயாது" என்றாள் அவள். "மழை பெஞ்சா நனையும்."

அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கறையின் நடுவில் வைத்து அழுத்தினாள். தட்டக்கூட வேண்டியிருக்கவில்லை, கைப்பிடி வரை போயிற்று. இழுத்தபோது மரம் சகதியாக ஒட்டிக்கொண்டு வந்தது.

நர்ஸ் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, "நன்றிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

"நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்" என்றான் தம்பி. முகம் சிவந்திருந்தது.

"சரி" என்றாள். தூரிகைகளை எடுத்துத் தின்னரில் அலசி, உதறி, பழைய புடவைத் துணியில் நிதானமாகச் சுற்றினாள்.

அதன்பின் மூன்று மாதம் அடுக்குமாடி வீடுகளில் கதவு தேய்த்தாள். தம்பி பெண்டாட்டி இரண்டு முறை வந்து, "நீங்க ஒரு வார்த்தை இறங்கிப் பேசுங்க அண்ணி" என்றாள். "படகுக்குள்ள இறங்குவேன். பேச்சுல இறங்க மாட்டேன்" என்று காபி கொடுத்து அனுப்பினாள்.

நான்காம் மாதம் தம்பியே வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"பலகையக் கழட்டினோம். பட்டை பாதிக்கு மேல அரிச்சுப் போயிருந்துச்சு" என்றான். சற்று நிறுத்தி, "புதுசு மாத்தியாச்சு. ஆனா புதுத் தேக்கு வெளிறிப்போய்த் தனியா நிக்குது. மூணு பேரு கலந்து பாத்துட்டாங்க, நிறம் ஒட்டல. முதலாளி உன்னத்தான் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"முதலாளி சொன்னாரு. நீ என்ன சொல்ற?"

அவன் தெருவைப் பார்த்தான். "நீ சொன்னது சரிதான். போதுமா?"

"போதாது. இனிமே கறையப் பாத்தா கறைன்னு சொல்லுவேன், யாரு முன்னாடியும் சொல்லுவேன். அதுக்கு ஒத்துக்கிட்டா வரேன்."

"நீ எப்பவும் அப்படித்தானேக்கா இருக்க."

"ஒத்துக்கிட்டியா இல்லியா?"

"ஒத்துக்கிட்டேன், தாயே!"

மறுநாள் புதுத் தேக்கின் முன் முட்டி போட்டு உட்கார்ந்தாள். வார்னிஷில் துளித்துளியாக நிறம் சேர்த்து, ஒரு துண்டுப் பலகையில் பூசிப் பூசிப் பார்த்தாள். ஏழாவது கலவை பழைய மரத்தோடு ஒட்டியது. முதல் பூச்சை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் இழுத்தபோது, பின்னால் படியில் காலடி கேட்டது.

"ஈரமா இருக்கு, தூசி கிளப்பாத" என்றாள் திரும்பாமலே. "செருப்பக் கழட்டிட்டு வரதுன்னா வா. இல்லேன்னா அங்கேயே நில்லு."

தம்பி குனிந்து செருப்பைக் கழற்றினான்.