மூடச் சொன்ன துளை

என் வீட்டுக்காரருக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிதான் தொழில். ஊர் ஊராகப் போய்ப் போர் போட்டவர். எங்கள் சொந்த மானாவாரிக் காட்டில் மட்டும் எங்கே இறக்கினாலும் தண்ணீர் வராது, வெறும் கல்தூள்தான் புகையும்.

அந்தக் காட்டில்தான் யுரேனியம் இருக்கிறதா என்று பார்க்க ஆய்வுக்காரர்கள் வந்து துளை போட்டார்கள். அவர்களுடைய அதிகாரி நல்ல மனிதர். "நம்ம நாட்டுல கிடைக்கிறது மட்டமான தாதும்மா. வெளிநாட்டுலயும் வாங்குறோம். இனிமே வரப்போற அணு உலைக்கெல்லாம் காலாகாலத்துக்கும் வேணுமே? இப்பவே தேடி வெச்சாத்தான் உண்டு" என்றார், மோர் குடித்துக்கொண்டே.

"எங்க தண்ணிக் கதையேதானுங்க. மேல இருந்ததை உறிஞ்சிப்போட்டு இப்ப ஆழத்துக்கு ஓடறோம்" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

கடைசித் துளையில் தண்ணீர் பீறிட்டது. கல்தூளோ தண்ணீரோ, நாக்கில் வைத்துப் பார்க்காமல் போர்க்காரருக்கு இருப்புக் கொள்ளாது. இவர் கையில் ஏந்திக் குடித்தே விட்டார். அதிகாரி பதறிப்போனார். ஆய்வு முடிவு வரும்வரை இந்தத் தண்ணீரை யாரும் தொடக்கூடாது, ஆட்கள் வந்து சிமெண்ட் ஊற்றி அடைப்பார்கள் என்று சொல்லி, இரும்பு மூடி போட்டுவிட்டுப் போனார்.

தண்ணீர் வந்த போரை அடைப்பதாவது! எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

"அவங்கதான் வேண்டாங்கறாங்களே, உங்களுக்கு என்ன கேடு?" என்று கத்தினேன்.

"அட, சும்மா இரு புள்ள. தண்ணிய மூடுனா இந்தக் கை வெளங்குமா?" என்றவர், தன் ரிக்காலேயே துளையை அகலமாக்கி மோட்டாரை இறக்கி, வீட்டுக்குக் குழாயும் இழுத்துவிட்டார்.

அடுத்த வாரமே வளைகாப்பு முடிந்து மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பிள்ளைத்தாச்சியை மிரட்டாதே என்று இவர் என் வாயை அடைத்தார். கேன் தண்ணீர் வாங்கி வைத்தால் அவள் தொடமாட்டாள். "நம்மூட்டுத் தண்ணியே தண்ணிம்மா" என்று சொம்பு சொம்பாகக் குடித்தாள். சாமி, அந்தத் துளையில் ஒன்றுமே இருக்கக்கூடாது என்று தினமும் கும்பிட்டேன். நாடு வேறு எதை வைத்தாவது விளக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

ஒருநாள் அதிகாரி முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "நல்ல சேதிம்மா! நாங்க நினைச்சதுக்கு மேலயே இருக்கு. அதுவும் அந்தக் கடைசித் துளை, அருமை!"

நான் மகளைத் தேடி உள்ளே திரும்பினேன். அதற்குள் மகள் சொம்போடு வந்து அவரிடம் நீட்டினாள். வாய் வரை கொண்டுபோனவர், காட்டிலிருந்து வந்த புதுக் குழாயைப் பார்த்து அப்படியே நின்றார்.

"இது எந்தத் தண்ணி?"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி மகளின் வயிற்றைப் பார்த்தார்.

"எத்தனை நாளாம்மா இதைக் குடிக்கிற?"

"வளகாப்பு முடிஞ்சு வந்ததுலருந்து இதேதானுங்க" என்றாள் அவள். "ஏனுங்க?"