எட்டாம் ஆண்டின் படத்தொகுப்பு விருது

எங்கள் சர்வதேசத் திரைப்பட விழா அலுவலகத்தில் பட்டியல் அக்காவிடம் வாய் கொடுத்துவிட்டுத் தப்பியவர்கள் கிடையாது. நான் பக்கத்து மேசைக்காரன், வெளிநாட்டிலிருந்து வரும் படப்பெட்டிகளுக்குக் கையெழுத்துப் போடுகிறவன். அதனால் தினமும் வாங்கிக் கட்டிக்கொண்டவன். எந்த ஆண்டு எந்தப் படத்துக்கு என்ன விருது என்று கேட்டால் அக்கா ஏட்டைத் திறக்காமலே சொல்லுவார். "என் பட்டியல்ல ஒரு பிழை காட்டுடா பாப்போம்" என்று சவால் வேறு.

முப்பதாம் ஆண்டு விழாவுக்குப் பழைய அறிவிப்பு அட்டைகளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதாக முடிவாயிற்று. நடுவர்கள் கையெழுத்திட்டுத் தரும் முடிவை, விருதுக்கு ஓர் அட்டையாக அக்காதான் எழுதுவார். வெளிநாட்டுப் பெயர்களை அறிவிப்பாளர் மேடையில் கடித்துக் குதறாமலிருக்க, உச்சரிப்பு எழுதிய சீட்டை அட்டையின் பின்னால் ஒட்டுவார். விழா முடிந்ததும் வாசித்த அட்டைகளைப் பார்த்தே பட்டியல் தட்டச்சாகும். அட்டை இல்லாத விருதுக்கு நேரே 'தகுதியான படைப்பு இல்லை' என்று அடிப்பது எங்கள் வழக்கம். பழைய ஆண்டுகளையும் சேர்த்து அந்தப் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் அச்சாகி, பங்கேற்றவர்கள் எல்லோருக்கும் போகும்.

அன்று காலை எட்டாம் ஆண்டின் ஒளிப்பதிவு அட்டையை எடுத்த அக்கா, அதைத் திருப்பித் திருப்பித் தடவினார். கொஞ்சம் தடிமனாக இருந்தது. ஓரத்தில் அளவுகோலை நுழைத்து மெல்ல நெம்ப, காய்ந்த பசை படக்கென்று விட்டது. பின்னால் இன்னோர் அட்டை. சிறந்த படத்தொகுப்பு. கீழே ஒரு பெண்ணின் பெயர், அக்காவின் கையெழுத்தில்.

"பசை காயறதுக்குள்ள அடுக்கிட்டேன்டா தம்பி. கடைசி நேர அவசரம், இதை எழுதின ஞாபகமே இல்லை" என்றார். முகம் வெளுத்துவிட்டது.

இரும்புப் பெட்டியிலிருந்து நடுவர்களின் முடிவை எடுத்துப் பார்த்தோம். அதே பெயர். அறிவிப்பாளர் இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாசித்திருக்கிறார். நடுவர்கள் நிறைவு விழாவுக்கு முன்பே ஊர் திரும்பிவிட்டிருந்தார்கள். கோப்பை ஒன்று மிஞ்சியிருக்கும், ஆனால் எப்போதும் ஒன்று கூடுதலாகச் செய்வதால் யாருக்கும் உறைக்கவில்லை.

"விடுங்கக்கா, இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியும்டா, தனக்குத் தகுதி இல்லைன்னு. நான்தானே வருஷா வருஷம் அச்சடிச்சு அனுப்பினேன்!"

இரண்டு நாள் தேடி, ஒரு விளம்பரப் பட நிறுவனத்தில் அந்த அம்மாளைப் பிடித்தார். யாரோ விளையாடுகிறார்கள் என்று அவர் முதலில் போனை வைத்துவிட்டார். மூன்றாம் முறைதான் நம்பினார். "அஞ்சு நடுவர் பாத்தும் தேறலைன்னா நமக்கு இது வராதுன்னு முடிவு பண்ணிட்டேங்க. அப்புறம் ஒரு படத்துக்குக்கூட வேலை செய்யலை" என்றார்.

அக்கா மேசையில் தலை வைத்து அழுதார். அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு நேராக விழாத் தலைவரின் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"அச்சுப்பிழைன்னு கீழே சின்னதா ஒரு குறிப்பு போட்டுடலாம்மா. விழா பேரு கெட்டுடக் கூடாது பாருங்க" என்றார் தலைவர்.

"அச்சு என்ன சார் பண்ணுச்சு? பிழை என்னோடது. வரியே மாறணும். மேடையில நானே படிக்கணும். இல்லைன்னா இந்த வருஷப் பட்டியலை நீங்களே தயார் பண்ணிக்குங்க."

தலைவருக்கு வியர்த்துவிட்டது. முப்பது ஆண்டு விருதுகளில் முந்தைய வருடத்ததுகூட அவருக்கு நினைவில்லை. சரி என்று தலையாட்டினார்.

நிறைவு விழா மாலையில் அக்கா மேடையேறினார். பசையில் தொடங்கி, தன்மேல் துளி இரக்கம் காட்டாமல் நடந்ததைச் சொன்னார். பிறகு அட்டையை உயர்த்தி, "எட்டாம் ஆண்டு, சிறந்த படத்தொகுப்பு" என்று பெயரை வாசித்தார். பாதி நரைத்த தலையோடு அந்த அம்மாள் எழுந்ததுமே ஆயிரம் பேரும் எழுந்துவிட்டார்கள். நான் கை சிவக்கத் தட்டினேன். கண்ணும் கலங்கியது, அதை மறைப்பானேன்.

கோப்பையை வாங்கியவர் அக்கா பக்கம் திரும்பினார். திட்டு விழப்போகிறது என்று அக்கா தலை குனிந்து நின்றார்.

"இன்னொரு தடவை படிங்கக்கா. தட்டுன தட்டுல என் பேரு சரியாவே கேக்கலை."

அக்கா மறுபடி படித்தார். பெயர் முழுதாக ஒலித்து முடியும்வரை அந்த அரங்கில் ஒருவரும் கை தட்டவில்லை.