மாமன் மடி

பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம் செய்த, என்னைவிட இருபது வயது மூத்த என் அண்ணனுக்கு அறுபதைத் தாண்டிய பிறகு காலில் ஊதா நிறத் திட்டுகள் வந்தன. செருப்புக் கடி என்று மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். கோவையில் டாக்டரிடம் நான்தான் இழுத்துப் போனேன்.

சதையைக் கிள்ளியெடுத்துச் சோதித்த டாக்டர் சொன்னார்: "இது அபூர்வமான தோல் கேன்சருங்க. வயசானவங்களுக்கு வரும். எய்ட்ஸ் இல்லீங்க, ரத்தம் பாத்தாச்சு. ஏதோ வைரஸ் காரணமா இருக்கலாம்னு வெளிநாட்டுல இப்பத்தான் பேசிக்கறாங்க. உறுதியாத் தெரியாது. தொட்டாலெல்லாம் ஒட்டாதுங்க."

அத்தனையும் கேட்டேன். மனசில் நின்றது வைரஸ் மட்டும்தான். தொண்ணூறுகளில் சுவரெங்கும் எய்ட்ஸ் விளம்பரம். அந்தப் பயத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது. பீளமேட்டில் எங்கள் வீட்டுக்கு அண்ணன் வந்து போனால் நாற்காலியைத் துடைத்தேன். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த என் மகளை வெயிலில் நிறுத்திப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பேன். கொசு கடித்த தடிப்பைக் கண்டாலும் நிறம் மாறுகிறதா என்று நாலு நாள் கவனிப்பேன். டாக்டருக்கே தெரியாததை யாரிடம் போய்க் கேட்பது?

அந்த நேரத்தில்தான் அவளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். எனக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். ஊசி, ரத்தம், அவர் மடி என்றே ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்லவும் நாக்கு எழவில்லை.

அன்று காலை சீர்த்தட்டோடு வந்தார். அவர் வாங்கிவந்த தோட்டை எடுத்துப்போய் டம்ளரில் டெட்டால் ஊற்றிப் போட்டேன். தண்ணீர் குடிக்கச் சமையல்கட்டுக்கு வந்தவர் அதைப் பார்த்துவிட்டார்.

"தண்ணி குடுங்க அம்மணி" என்றார். வாயில் படாமல் அண்ணாந்து குடித்துவிட்டுப் போனார்.

குலதெய்வக் கோயிலில் ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். "ஏனுங்க, மாமன் வந்து உக்காருங்க" என்று கூப்பிட்டார்கள்.

"எனக்குக் கால் மடக்க வரலீங்க" என்று அண்ணன் சிரித்தார். சித்தப்பா மகனைக் காட்டி, "தம்பி உக்காரட்டும். அவனும் மாமன்தானுங்களே" என்றார்.

எல்லோரும் நம்பினார்கள். காலையில் என் வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிட்டவர் அவர். பரிமாறியவள் நான்.

"அண்ணா, நீங்களே உக்காருங்க" என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. குழந்தையைத் தம்பியின் மடியில் வைத்தேன்.