முன்பக்கத்து எடை

அந்த மணல் மூட்டை இப்போது என் வீட்டுக்காரரின் இடது காலோடு ஒட்டிக் கட்டிலில் கிடக்கிறது. வாதம் வந்து விழுந்த கால் வெளிப்பக்கம் சரிந்துவிடாமல் கனமாக ஏதாவது முட்டுக்கொடுங்கள் என்று பயிற்சி கொடுக்க வருகிற பெண் சொன்னபோது, கொல்லைக் கொட்டகையில் நான்கு வருஷமாகக் கிடந்த இந்த மூட்டைதான் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. இரட்டைத் தையல் போட்ட சிமெண்டுச் சாக்கு, உள்ளே அரசலாற்று மணல். பாதிக்கு மேல் கொட்டிவிட்டு, வாயை இறுக்கிக் கட்டி, ஒரு பழைய தலையணை உறையை மாட்டினேன். ஒரு காலத்தில் என் எடைக்குச் சரியாக அவரே நிறுத்துப் போட்ட மூட்டை அது.

அவர் இருபத்துமூன்று வருஷம் சபரில் இருந்தவர். வெளிநாட்டுப் பிழைப்பை நாங்கள் சபர் என்போம். அங்கே ஓர் அரபி முதலாளிக்கு டிரைவர். வெள்ளிக்கிழமை தோறும் முதலாளியின் படகை டிரெய்லரில் ஏற்றி, வண்டிக்குப் பின்னால் மாட்டி, கடற்கரைக்குக் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும். முதலாளி தனியாக ஏறிப் போய்விடுவார். இவர் வெயிலில் நின்றிருந்து, திரும்ப ஏற்றிக் கொண்டுவந்து கழுவி நிறுத்த வேண்டும். போன் பேசும்போது வீட்டு விஷயம் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்தப் படகைப் பற்றி மட்டும் அலுக்காமல் சொல்வார். அவ்வளவு பெரிய கடலில் ஒற்றை ஆள், ஒருத்தன் குரல் காதில் விழாது, அதுதான் ராஜ வாழ்க்கை என்பார். நான் சாப்பிட்டீர்களா என்று கேட்பேன். அவர் அந்தக் கரையில் காத்து நின்ற வருஷமெல்லாம் நான் இந்தக் கரையில் காத்து நின்றேன். என்ன, எனக்குப் படகு கழுவுகிற வேலை இல்லை, ஒரு மகளை வளர்த்துக் கட்டிக்கொடுக்கிற வேலை இருந்தது.

முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தவர், முதல் காரியமாகப் பன்னிரண்டடியில் ஒரு ஃபைபர் படகும் அதற்கொரு டிரெய்லரும் வாங்கினார். மீனவர் ஊரான கிளிஞ்சல்மேட்டில் பத்துத் தோள் சேர்ந்து படகைக் கரையேற்றுகிறவர்களுக்கு, காருக்குப் பின்னால் படகை இழுத்துக்கொண்டு எங்கள் ஊர் தருமபுரத்திலிருந்து வருகிற இந்த மனிதர் நல்ல வேடிக்கையாக இருந்திருப்பார். முதல் நாள் ஆற்றில் இறக்கி, பின்னால் எஞ்சினுக்குப் பக்கத்தில் இவர் உட்கார்ந்து முடுக்கியதும், படகின் முன்பக்கம் ஆகாயத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டதாம். எதிரே ஒன்றும் தெரியவில்லையாம். மறுநாள் விடியற்காலைச் சுபுஹு தொழுகை முடிந்து வந்தவர் சொன்னார்: "நீ வந்து முன்னாடி உக்காரு. இல்லாட்டி தூக்கிக்குது."

கல்யாண வீடும் ஆஸ்பத்திரியும் தவிர அவர் என்னை எங்கேயும் கூப்பிட்டதில்லை. அந்த இரண்டு வாக்கியத்தில் முதலாவது மட்டும்தான் என் காதில் ஏறியது.

இரண்டு வருஷம் போனோம். வாரத்துக்கு மூன்று நாள், பொழுது விடியும்போது. அவர் காரைப் பின்னால் எடுக்க, நான் கரையில் கயிற்றைப் பிடித்து நிற்பேன். படகு மிதந்ததும் கரைக்கு இழுத்துக் கட்டுவேன். பிறகு முன்பலகையில் போய் உட்காருவேன். முகத்திரை காற்றில் பறக்கும். ஆறு அகன்று முகத்துவாரத்தை நெருங்கும்போது உப்பு உதட்டில் படியும். எஞ்சினை நிறுத்திவிட்டுத் தூண்டில் போட்டுக் காத்திருக்கும்போதுதான் அவர் பேசுவார். நான் முன்னே பார்த்து உட்கார்ந்திருப்பதால் அவருக்குத் தெரிவது என் முதுகு மட்டும். என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததையெல்லாம் அவர் அந்த முதுகிடம் சொன்னார். மகள் பிறந்த சேதி வந்த நாளில் குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுததை அங்கேதான் சொன்னார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவார் என்று தெரியும். வயது ஐம்பதை நெருங்கும்போது எனக்குக் கல்யாணம் ஆனது போலிருந்தது.

அதை அப்படியே வெளியில் சொல்ல எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வராது. சந்தோஷத்தைக் குறையாகச் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம், சொன்னால் கண்பட்டுவிடும். இந்த வயதில் படகுச் சவாரி கேட்கிறதா என்று தெருவே பேசியது. நாத்தனார் வந்தால் நான் வாயார அலுத்துக்கொள்வேன். வெயிலில் கருகுகிறேன், இடுப்பு விட்டுப்போகிறது, உங்கள் அண்ணனுக்கு வேறு ஆள் அகப்படாமல் நான் மாட்டிக்கொண்டேன் என்று, அவர் காதில் விழும்படியே சொல்வேன். நாத்தனாருக்கு என் மனசு புரிந்திருக்கும். பெண் பேச்சுக்குப் பழகாமல் இருபத்துமூன்று வருஷம் கழித்த அவருக்கு, சொன்னது சொன்னபடிதான் புரிந்தது.

ஒரு தடவை எனக்குக் காய்ச்சல். நான் எழுந்து கிளம்பப் பார்த்தேன். "நீ படுத்துக்க. எனக்கு மூட்டை போதும்" என்றார். அப்போதுதான் அந்தச் சாக்கை முதன்முதலாகப் பார்த்தேன். நெரவி அரிசி மில் தராசில் வைத்து என் எடைக்கு நிறுத்துக் கொண்டுவந்தாராம். கேலி செய்கிறார் என்று நினைத்து, காய்ச்சலோடு சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த வருஷம் பதினெட்டடிப் படகு வந்தது. வாசல் கொள்ளாத படகு, நான்கு சக்கர டிரெய்லர். சின்னதை விற்றுவிட்டு இதை வாங்கப்போகிறேன் என்று அவர் சொன்ன நாளிலிருந்தே, பெரிய படகென்றால் இரண்டு பேர் வசதியாகப் போகத்தானே என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். பச்சை ரெக்சின் வாங்கி, பஞ்சு அடைத்து, மெத்தை ஒன்று தைத்தேன். முதல் நாள் காலை பிளாஸ்கில் தேநீர் ஊற்றிக்கொண்டு, மெத்தையை இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் டிரெய்லரில் இருந்த ஒரு கைப்பிடியைச் சுற்றிக் காட்டினார். கம்பி வடம் தானாகப் படகை இழுத்துக்கொள்ளும், கயிறு பிடிக்க ஆள் வேண்டாம். பிறகு படகின் நடுவில் இருந்த ஸ்டீயரிங்கைக் காட்டினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"நடுவுல நின்னு ஓட்டுறது. முன்னாடி எடையே தேவையில்ல. இனி ஒனக்குத் தொந்தரவு இல்ல."

எனக்கு நல்லது செய்ததாகத்தான் நினைத்தார். அதுதான் தாங்கவில்லை. வேண்டாம், நானும் வருகிறேன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் பிளாஸ்கை அவர் கையில் கொடுத்துவிட்டு, "அல்லாஹ் காப்பாத்தினான், இன்னைக்காவது தூங்கறேன்" என்றேன். மெத்தையை மணல் மூட்டையின்மேல் போட்டுக் கொட்டகைக் கதவைச் சாத்தினேன். வீம்பு. அவருடைய முட்டாள்தனத்தில் பாதி என்னுடையது என்று தெரிந்தும், நான்கு வருஷம் அந்தக் கதவை நான் திறக்கவில்லை. அவர் தனியாகப் போனார், தனியாக வந்தார். கரையில் காத்து நிற்காத முதலாளியாகிவிட்டார். வீட்டுக்குள் பழையபடி இரண்டு நிமிஷப் பேச்சு.

போன மாசி மாதம் படகைக் கரையேற்றும்போது அந்தக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே சேற்றில் விழுந்திருக்கிறார். கிளிஞ்சல்மேட்டுக்காரர்கள் இருவர் அந்தப் பக்கமாக வந்து பார்த்துத் தூக்கியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அவர்களில் மூத்தவர் என்னிடம் வருத்தமாகச் சொன்னார்: "கூட ஒரு ஆளு இருந்திருந்தா ஒரு மணி நேரம் முன்னாடியே கொண்டாந்திருக்கலாம்மா." கூட ஓர் ஆள் இருந்தது, அதை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று அவரிடமா சொல்ல முடியும்?

நேற்று சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு அறைக்குள் போனேன். ஜன்னல் வழியாகத் தார்ப்பாய் மூடிய படகு தெரிகிறது. அவர் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நல்ல கையால் கட்டில் விளிம்பைத் தட்டினார். வாய் கோணிக்கொண்டாலும் சொல் தெளிவாகவே விழுந்தது.

"மூட்டைய எடுத்துடு. நீ வந்து உக்காரு."

அந்தக் கட்டிலில் உட்கார்ந்து, முதுகைக் காட்டி, அவர் பேசுவதைக் கேட்டிருக்கலாம். ஒரு நொடி கால் அந்தப் பக்கம் போகத்தான் செய்தது. பிறகு மூட்டையை இழுத்து அவர் தொடையோடு இன்னும் நெருக்கி வைத்தேன்.

"எனக்கு அடுப்படியில வேலை கெடக்கு. ஒங்களுக்கு மூட்டை போதும்."

அடுப்படிக்குப் போய் நின்றேன். அங்கே ஒரு வேலையும் இல்லை.